ஏகாம்பரத்துக்குப் போர்த்திய பொன்னாடை

ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள் வெளியே சொல்லிக்கொள்ளாத வியாதி ஒன்று உண்டு. கேள்வி கேட்போம், பதிலுக்குக் காத்திருக்க மாட்டோம். "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, "சரி, புரிஞ்சிடுச்சு" என்று நாங்களே சொல்லிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். எனக்கு இந்த வியாதி ரொம்பவே முற்றியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பதினோரு மணிக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவே, அதற்கு அறுவை சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து கொடுக்கவில்லை.

அப்போது நான் கவரைப்பேட்டை பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். (பெயர் வேண்டாம். இன்றைக்கும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.) வணிக மேலாண்மைத் துறை. பொன்னேரியிலிருந்து தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய் வருவேன். இரண்டாம் வருட மாணவர்களுக்கு முதல் பீரியடில் 'தர மேலாண்மை' எடுப்பேன். ஒரு தொழிற்சாலையில் பொருளின் தரம் ஏன் கெடுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதுதான் பாடம். கும்மிடிப்பூண்டியில் அத்தனை தொழிற்சாலைகள் இருந்தும், அதுவரை ஒன்றின் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. ட்ரெயின் ஜன்னல் வழியே புகைபோக்கிகளைப் பார்த்திருக்கிறேன். பாடம் நடத்த அது போதும் என்று இருந்தேன்.

அந்தப் பருவத் தொடக்கத்தில் கல்லூரி என்னைச் சென்னைக்கு ஐந்து நாள் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியது. தலைப்பு 'ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ்'. அதாவது, வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து, இன்று என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று தன்னைத்தானே கேட்டு எழுதி வைப்பது. நல்ல விஷயம்தான். அழகான அட்டை போட்ட நோட்டும் கொடுத்தார்கள். திரும்பி வந்த மறுநாளே எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் நான் எழுதியது இதுதான்:

"இன்று என்ன நடந்தது? வகுப்பு அருமையாக நடந்தது. ஏன்? நான் நன்றாகத் தயாரித்திருந்தேன். அடுத்த முறை எதை மாற்றலாம்? மார்க்கரை. மை தீர்ந்துவிட்டது."

இப்படியே முப்பது பக்கம். தன்னைப் பார்த்துத் திருத்திக்கொள்ளக் கண்ணாடி கொடுத்தார்கள். நான் அதில் பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக்குப் போய் வந்தவள் என்பதால், தர மேலாண்மைப் பாடத்திட்டத்தைப் புதிதாக எழுதும் பொறுப்பையும் துறைத் தலைவர் பரமசிவம் சார் என் தலையிலேயே கட்டினார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். ஐந்து அலகுகள், ஒவ்வொன்றுக்கும் கற்றல் விளைவுகள். "மாணவர்கள் புரிந்துகொள்வார்கள்" என்று எழுதக்கூடாது, புரிதலை அளக்க முடியாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் என் மாணவர்கள் பகுத்தாய்ந்தார்கள், மதிப்பிட்டார்கள், வடிவமைத்தார்கள். காகிதத்தில் அவர்கள் செய்யாத வேலையே இல்லை. நிஜத்தில் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பாடத்திட்டத்தைப் பாடத்திட்டக் குழு கூடி ஒப்புக்கொள்ள வேண்டும். குழுவில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் அம்மா வருவார். தொழில் துறையிலிருந்தும் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு பெரிய கம்பெனியின் பொது மேலாளரைப் பிடித்தேன். நேரில் பார்த்ததில்லை, எல்லாம் மின்னஞ்சல்தான். என் வேலை நிரந்தரமாவது இந்தக் கூட்டம் நன்றாக நடப்பதைப் பொறுத்தது என்று பரமசிவம் சார் சொல்லியிருந்தார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால் இன்னும் பயமாக இருந்தது.

இதற்கு நடுவே இன்னொரு வேலையும் செய்திருந்தேன். என் வகுப்பில் ஷாலினி என்று ஒரு பெண். மற்ற பீரியடுகளுக்கெல்லாம் வருவாள், என் முதல் பீரியடுக்கு மட்டும் வர மாட்டாள். வருகைப்பதிவு குறைந்து, தேர்வு எழுத முடியாத நிலைமை. "பெற்றோர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்" என்று கடுமையாக ஒரு கடிதம் அனுப்பினேன். துறை அலுவலகத்தில் இருக்கும் செல்வி அக்காவிடமும் சொல்லி வைத்தேன்.

"அவங்க அப்பா வருவாருக்கா. அந்தக் கார் பார்ட்ஸ் கம்பெனியிலதான் வேலை. பொண்ணு இனிமே ஒழுங்கா வருவாள்னு எழுதி வாங்கிக்குங்க. என்ன சாக்கு சொன்னாலும் விடாதீங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்குறேன் மேடம்" என்றார் செல்வி அக்கா. பார்த்துக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர்.

கடிதத்தில் நான் குறித்த நாள் எது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதே வெள்ளிக்கிழமை. அதே பதினோரு மணி.

அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் பொன்னாடையும் பூங்கொத்துமாக முன்வாசலில் நின்றேன். பத்தே முக்காலுக்கு ஒருவர் உள்ளே வந்தார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை, பளபளக்கும் ஷூ. கழுத்தில் அந்தக் கம்பெனியின் பெயர் போட்ட நீலப் பட்டையில் அடையாள அட்டை. அட்டை திரும்பிக்கொண்டு பின்பக்கம்தான் தெரிந்தது. அதைத் திருப்பிப் பார்க்க அரை விநாடி ஆகியிருக்கும். எனக்கு ஏது நேரம்?

"வாங்க சார், வாங்க!" என்று பாய்ந்துபோய்ப் பொன்னாடையைப் போர்த்தினேன். அவர் இரண்டடி பின்வாங்கினார். விடவில்லை.

"மேடம், நான் வந்து... ஷாலினி விஷயமா..."

"சாலை விஷயத்தைப் பேசவே வேண்டாம் சார்! ஜி.என்.டி. ரோடு என்னிக்கு ஒழுங்கா இருந்துச்சு? லாரியைத் தாண்டி வர்றதே பெரிய பாடு. நீங்க சரியான நேரத்துக்கு வந்ததே பெரிசு" என்று சொல்லிக்கொண்டே அவரை மாடிக்கு அழைத்துப் போனேன்.

படியில் இன்னொரு முறை முயன்றார். "இல்ல மேடம், கடுதாசி வந்துச்சி, அதான்..."

"நம்ம கடிதம் கிடைச்சுதா சார்? ரொம்ப சந்தோஷம்."

கூட்ட அறையில் நடுநாயகமாக அவரை உட்கார வைத்தேன். ஒருபுறம் பரமசிவம் சார், மறுபுறம் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்மா. பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தியிருந்தாலாவது தப்பித்திருப்பேன். நேரமாகிவிட்டதே என்று, "சாரைப் பத்தி நான் சொல்லத் தேவையே இல்லை" என்று முடித்துக்கொண்டேன். (இந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றைக்கும் நடுவழியில் நின்று என் நெற்றியில் அடித்துக்கொள்வேன்.)

அவர் முகம் வெளுத்திருந்தது. மகளின் வருகைப்பதிவுக்கு இத்தனை பெரிய விசாரணைக் குழுவா என்று அவர் மிரண்டு போயிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. நான் அதை ஜி.எம்.களுக்கே உரிய அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

"சார் எத்தனை வருஷமா அங்க இருக்கீங்க?" என்று பரமசிவம் சார் பேச்சுக் கொடுத்தார்.

"பதினெட்டு வருசம் சார். சேந்ததுலருந்து அதே கம்பெனிதான்."

"பாருங்க! இந்தக் காலத்துல யார் அப்படி இருக்காங்க?" என்று சார் வியந்தார்.

பிறகு நான் எழுந்து என் பாடத்திட்டத்தை விளக்கினேன். நாற்பது நிமிடம். ஒவ்வொரு அலகு முடிந்ததும் "இதுல தொழில் துறையோட கருத்து என்ன?" என்று அவரைப் பார்த்துக் கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள், "தொழில் துறை இதைத்தான் எதிர்பார்க்குது" என்று நானே சொல்லிவிட்டு அடுத்த அலகுக்குப் போனேன். நான்காவது முறை இப்படி நடந்ததும் பேராசிரியர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கொஞ்சம் அவரைப் பேச விடுங்கம்மா" என்றார்.

வந்தவர் எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

"தப்பு எங்க மேலதான் சார். நாங்க கவனிச்சிருக்கணும். மன்னிச்சிக்கணும்."

பரமசிவம் சாருக்குக் கண் கலங்காத குறை. "தொழில் துறை தன் பொறுப்பை ஒத்துக்கிட்டு நான் இப்பதான் பாக்குறேன்" என்று என் காதில் கிசுகிசுத்தார்.

"என்ன தப்பு சார்? தைரியமா சொல்லுங்க" என்றார் அம்மா.

"எங்க பொண்ணு மேடம். இந்தக் காலேஜுதான். காலைல ஆறு மணிலருந்து ஒம்போதரை வரைக்கும் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போய்க்கினு இருக்கு. தண்ணி கேன் மூடி செக் பண்ற வேலை. வேணாம்னுதான் சொன்னேன், கேக்கல."

தொழிலாளிகளைக்கூட 'எங்க பொண்ணு' என்று சொல்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்று நான் நெகிழ்ந்துபோய் நின்றிருந்தேன்.

"மூடியில என்ன செக் பண்றாங்க?" அம்மா விடவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

மனிதருக்கு இப்போதுதான் குரல் கொஞ்சம் தெளிந்தது. "கேன்ல தண்ணி லீக்காவுதுன்னு கம்ப்ளெயின்ட் வந்துகினே இருந்துச்சாம் மேடம். மெஷின் போச்சுன்னாங்க, பிளாஸ்டிக் சரியில்லன்னாங்க. ஒவ்வொரு மூடிக்கும் உள்ளார சின்னதா ஒரு நம்பர் இருக்கும். அச்சுல எந்தக் குழிலருந்து வந்துச்சோ அந்த நம்பரு. இது இன்னா பண்ணுச்சி, லீக்கான மூடிய மட்டும் பொறுக்கி, நம்பர் வாரியா கும்பல் கும்பலா வெச்சுது. அட்டப் பொட்டிலயே கோடு போட்டு எண்ணுச்சி. பாத்தா முக்காவாசி ஏழாம் நம்பரு. மெஷினும் நல்லாத்தான் கீது, பிளாஸ்டிக்கும் நல்லாத்தான் கீது. அந்த ஒரு குழி மட்டும் தேஞ்சி பூட்ச்சி."

பேராசிரியர் அம்மா என் பாடத்திட்டத்தின் மூன்றாவது அலகைப் பிரித்தார். 'குறைகளை வகைப்படுத்தி மூலகாரணம் காணல்.' அதை நான் ஆறு பக்கம் எழுத வைத்து நடத்தியிருந்தேன். ஒரு மூடியைக்கூடக் காட்டியதில்லை.

"இவ்வளவு புத்திசாலிப் பொண்ணு ஏன் காலேஜுக்கு வரமாட்டேங்குது?"

"வருது மேடம்! மொத பீரியடுதான் வராது."

"முதல் பீரியட் என்ன பாடம்?"

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "அது இன்னாவோ சொல்லுச்சே... ஆங், க்வாலிட்டி."

பரமசிவம் சார் சத்தமாகச் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றினார். எனக்கு மின்விசிறிக்குக் கீழே வியர்த்தது. தரம் பார்க்கும் வேலைக்குப் போவதால் தரம் பற்றிய வகுப்புக்கு வராத பெண். முதல் பீரியட். எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் எங்கே என்று யோசிக்க என் மூளை மறுத்தது.

"யார் எடுக்குறாங்க அந்தப் பாடத்தை?" அம்மாவின் குரல் மென்மையாக இருந்தது.

"பேரு தெரியாது மேடம். நல்ல மேடந்தானாம். நோட்ஸெல்லாம் சூப்பரா குடுப்பாங்களாம். ஆனா அவங்களே கேப்பாங்களாம், அவங்களே பதிலும் சொல்லிக்குவாங்களாம். பசங்க வாயத் தொறக்குறதுக்குள்ள அடுத்த பக்கம் பூடுவாங்களாம். இந்த மூடி விசயத்தச் சொல்லலாம்னு வேலைக்கு லீவு போட்டுக்கினு வந்து ரெண்டு வாட்டி கைய தூக்குச்சாம். 'வெரி குட், உக்காரும்மா'ன்னுட்டாங்களாம். அதுலருந்து, போயி இன்னாத்துக்குன்னு..."

கதவு திறந்தது. செல்வி அக்கா.

"மேடம், ஒரு நிமிசம் வர்றீங்களா? அந்த ஷாலினி அப்பா ஒரு மணி நேரமா ஒரே பேஜாரு பண்றாரு. தனக்குப் பொண்ணே இல்லன்னு சாதிக்கிறாரு மேடம். ரெண்டும் பையன்னு சொல்றாரு. நானும் எவ்ளோ பேரப் பாத்துட்டேன், பெத்த பொண்ணையே இல்லன்னு சொல்றவர இப்பத்தான் பாக்குறேன். கடைசில எழுதி வாங்கிட்டேன்."

அவருக்குப் பின்னால் காலர் வைத்த டி-ஷர்ட்டும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கையில், 'என் மகள் இனி வகுப்புக்குத் தவறாமல் வருவாள்' என்று செல்வி அக்கா எழுதி அவர் கையெழுத்துப் போட்ட தாள். முன்பக்கம் இடமில்லாமல் பின்பக்கம் காரை நிறுத்தி, "கம்பெனியிலருந்து மீட்டிங்குக்கு வந்திருக்கேன்" என்று அலுவலகத்தில் சொன்னவரை, பெற்றோர் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். என்ன சாக்கு சொன்னாலும் விடாதீங்க என்று நான்தானே சொல்லியிருந்தேன். செல்வி அக்கா விடவில்லை.

"கையெழுத்துப் போட்டாத்தான் மேல விடுவேன்னுட்டாங்க. அதான் போட்டுட்டேன்" என்றார் அவர். பிறகு மேசையைப் பார்த்தார். "ஏகாம்பரம்?"

என் தொழில் துறை நிபுணர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு விறைப்பாக நின்றார். "குட் மார்னிங் சார்!"

"காய்ச்சல்னு இல்ல அரை நாள் பர்மிஷன் கேட்டிருந்தீங்க?"

ஏகாம்பரம் தோளிலிருந்த பொன்னாடையைப் பரபரவென்று உருவி, ஓடிப்போய் அந்த மேலாளர் தோளில் போர்த்தினார். அவர் அதைத் திரும்ப எடுத்து ஏகாம்பரத்துக்கே போர்த்திவிட்டார்.

"நீங்களே போர்த்திக்குங்க. காய்ச்சக்காரர், குளுரப் போகுது."

முதலில் சிரித்தது பேராசிரியர் அம்மா. பிறகு பரமசிவம் சார். கடைசியில் செல்வி அக்கா, என்ன நடந்தது என்று தெரியாமலேயே. நான் மட்டும் கையில் லேசர் விளக்கோடு நின்றிருந்தேன்.

மேலாளர் உட்கார்ந்தார். ஏகாம்பரம் சொன்னதை அம்மா அவரிடம் மறுபடி சொன்னார். அவர் என் பாடத்திட்டத்தைப் புரட்டிவிட்டு, "என்னைக் கேட்டிருந்தா இவ்வளவு சரியாச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். காய்ச்சல் விஷயத்தை அதோடு மறந்துவிட்டதாகவும் சொன்னார். பரமசிவம் சாருக்கு மட்டும் ஒரே கவலை.

"கூட்டக் குறிப்புல இவர் பேசினதை எந்தக் கணக்குல சேக்குறது மேடம்?"

"பெற்றோர் கருத்து கேக்கணும்னு விதியிலயே இருக்கு. இத்தனை நாள் படிவத்தை வாங்கிக் கோப்புல வச்சோம். இன்னிக்குத்தான் நிஜமா கேட்டிருக்கோம். அப்படியே எழுதுங்க" என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "பாடத்திட்டம் திரும்பப் போகட்டும்மா. மாத்தி எழுதிக் கொண்டு வாங்க."

எங்கள் துறையில் ஒரு பாடத்திட்டம் திருப்பி அனுப்பப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமை எனக்கே.

ஏகாம்பரத்தை வாசலில் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"அந்தப் பாடம் நான்தாங்க எடுக்குறேன்."

அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "ஐயய்யோ! உங்களயா மேடம் சொன்னேன்? சத்தியமா தெரியாது மேடம். நீங்க சால்வ போட்டதும், காலேஜ்ல எல்லாப் பெத்தவங்களுக்கும் இப்டித்தான் மரியாத பண்ணுவாங்க போலன்னு நெனச்சேன். பொண்ண இன்னும் கொஞ்சம் பெரிய காலேஜா பாத்து சேத்திருக்கலாமோன்னு நேத்துகூட நெனச்சேன். இன்னிக்கு அந்த நெனப்பே போச்சி."

அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஷாலினிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. நானே போய்ப் பரமசிவம் சாரிடம் நின்றேன். வருகைக் குறைவை மன்னிக்கத் துறைத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. "கம்பெனி ஜி.எம்.மே எழுதிக் குடுத்திருக்காரே" என்று அந்தத் தாளைக் காட்டி, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஷாலினி தேர்வு எழுதினாள்.

அன்று மாலை ட்ரெயினில் அந்த நோட்டை எடுத்தேன். என்ன நடந்தது என்ற கேள்விக்கு எழுத ஆரம்பித்து, பொன்னேரி வந்தும் முடியவில்லை. இறங்க மறந்து மீஞ்சூர் போய்த் திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை ஷாலினியை மூடிகள் கொண்டு வரச் சொன்னேன். ஒரு கோணிப்பை நிறையக் கொண்டு வந்தாள். மேசைமேல் கொட்டி, "இதுல என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பதில் வரும்வரை பேசுவதில்லை என்று சபதம். ஒருவரும் பேசவில்லை. எனக்கு நாக்கு அரித்தது. புடவை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். ஜென்மம் முழுக்க அப்படி நின்ற மாதிரி இருந்தது. கடைசியில் பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து வந்து ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்தான். "மேடம், எங்க அம்மா வேல செய்ற எடத்துலயும் இப்டி நம்பர் போடுவாங்க" என்றான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் எனக்குப் பேச இடமே கிடைக்கவில்லை. வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் யாராவது ஒரு தொழிற்சாலையில் இருந்தார்கள். சிலர் ஷாலினி மாதிரி தாங்களே வேலைக்குப் போனார்கள். இத்தனை நாளும் அவர்களுக்குத்தான் நான் புகைபோக்கியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாவது அலகை அவர்களோடு உட்கார்ந்தே திருத்தி எழுதினேன். வேலைக்குப் போகும் மாணவர்கள் அங்கே பார்த்ததை எழுதிக் கொண்டுவந்தால் அது செய்முறைப் பயிற்சியாகும் என்று ஒரு விதியும் சேர்ந்தது. முதல் பீரியடில் இருந்த என் வகுப்பு மதியத்துக்கு மாறியது. அடுத்த கூட்டத்தில் பாடத்திட்டம் நிறைவேறியது. அதன் பிறகு என் வேலையும் நிரந்தரமானது. தாமதமாகத்தான், ஆனாலும் ஆனது.

இதையெல்லாம் வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். மீஞ்சூர் போய் வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன். என் கணவர் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இப்போது எட்டாவது படிக்கும் என் மகள், அப்போது ஒன்றும் புரியாத வயதில் கேட்ட அந்தக் கதையை, இன்றைக்கு எல்லோரையும்விட நன்றாகச் சொல்கிறாள். எங்கள் வீட்டு வாசல் மணி அடித்து நான் எழுந்தால் போதும், எந்த அறையில் இருந்தாலும் கத்துவாள்:

"அம்மா! யாருன்னு கேட்டுட்டு அப்புறம் சால்வை போடு!"

தெரு முழுக்கக் கேட்கும். போன வாரம் மணி அடித்தது. போய்க் கதவைத் திறந்தேன். வழக்கமாக வரும் கொரியர்காரர், பார்சலை நீட்டிக்கொண்டே ஓரடி தள்ளி நின்று சொன்னார்:

"கொரியர் மேடம். சால்வயெல்லாம் வேணாம், கையெழுத்து போதும்."